இரண்டரை மணி நேர இருட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ‘மவுத்வாஷிங்’ என்ற திகில் கேமைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்வீடனைச் சேர்ந்த ராங் ஆர்கன் என்ற சிறு குழு உருவாக்கி, 2024 செப்டம்பரில் வெளிவந்த கேம் அது. டல்பர் என்ற சரக்கு விண்கலம் விபத்துக்குள்ளாகி, ஐந்து ஊழியர்கள் உள்ளே சிக்கிக்கொள்கிறார்கள். கேப்டன் கர்லி கைகால்களை இழந்து, கண்ணை மூட இமைகூட இல்லாமல், பேச்சற்றுக் கட்டிலில் கிடக்கிறார். துணைக்கு இருந்த ஜிம்மி பொறுப்பை எடுத்துக்கொள்கிறான். மருத்துவப் பணியாளர் ஆன்யா, பழுதுபார்க்கும் ஸ்வான்சி, வேலை பழக வந்த இளைஞன் டைசுகே ஆகியோர் மற்றவர்கள். இத்தனை உயிர்களைப் பணயம் வைத்து எடுத்துச் சென்ற சரக்கு என்னவென்று பெட்டியை உடைத்துப் பார்த்தால், வாய் கொப்பளிக்கும் திரவம். கதை விபத்துக்கு முன்னும் பின்னும் மாறி மாறி நகர்ந்து, இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தே வந்தது எனக்கு மகிழ்ச்சி. எட்டுக் கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது, ஐந்தாவது பதில்களில் கதையின் சில முக்கியமான இடங்கள் வருகின்றன. இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் அவற்றைப் பிறகு படியுங்கள்.

“நீங்கள் புகழ்ந்ததைப் படித்து ‘மவுத்வாஷிங்’ வாங்கினேன். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடித்துவிட்டேன். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நூறு மணி நேரம் விளையாடக்கூடிய கேம்கள் கிடைக்கும்போது இதற்குப் பணம் கொடுப்பது நட்டம் இல்லையா?”
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, இந்தக் கேள்வியைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்து வரும் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருப்பீர்கள். கணக்குப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் விலையை மணி நேரத்தால் வகுத்துப் பார்க்கும் கணக்கு, கால்பந்து கேமுக்கும் நகரம் கட்டி ஆளும் கேமுக்கும் பொருந்துகிற அளவுக்குத் திகில் கேமுக்குப் பொருந்தாது. காரணம் பயத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஓர் உருவம் முதல்முறை நம்மைத் துரத்தும்போது பதறி ஓடுகிறோம். இரண்டாம் முறை, அது எந்தக் கதவு வழியாக வருகிறது என்று கவனிக்கிறோம். நான்காம் முறை வருவதற்குள் அதன் வேகம், அது திரும்பும் இடம், அதன் கண்ணில் படாத மூலை எல்லாம் மனப்பாடமாகிவிடுகின்றன. அதன் பிறகு அங்கே பயம் இல்லை, கணக்குதான் இருக்கிறது. நீளமான திகில் கேம்கள் இதை நன்றாக அறிந்தவை. அதனால்தான் தோட்டாவை எண்ணுவது, சாவியைத் தேடுவது, மருந்தைச் சேமிப்பது என்று வேறு வேலைகளைக் கொடுத்து நம்மைப் பிடித்து வைக்கின்றன. அது ஒரு கலை. அதில் சிறந்த கேம்கள் உண்டு. ஆனால் பயத்தை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு கதை சொல்ல நினைப்பவருக்கு அது பழகிப்போவதற்கு முன் முடித்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்கு ‘பி.டி.’யைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4 என்ற கேம் கருவிக்கு இலவசமாக வெளிவந்தது அது. ஜப்பானின் கேம் இயக்குநர் ஹிடியோ கோஜிமாவும் மெக்சிகோ திரைப்பட இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோவும் சேர்ந்து எடுக்கவிருந்த ஒரு பெரிய கேமுக்கு முன்னோட்டமாக அதைக் கொடுத்தார்கள். கேம் முழுவதும் நடப்பது ஒரு வீட்டின் நடையில்தான். ‘எல்’ எழுத்தைப் போல ஒரே ஒரு இடத்தில் திரும்பும் நடை அது. கோடியில் இருக்கும் கதவைத் திறந்தால் அதே நடையின் தொடக்கத்துக்கே வந்து நிற்போம். வானொலியில் ஒருவர், குடும்பத்தையே கொன்ற ஒரு தகப்பனைப் பற்றிச் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும். 2015 ஏப்ரலில் பெரிய கேம் கைவிடப்பட்டது. முன்னோட்டத்தையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்றும் திகில் கேம் விளையாடுகிறவர்கள் கூடிப் பேசினால், பேச்சு அந்த ஒரு நடைக்கு வந்து நின்றுவிடுகிறது.

எங்கள் ஆச்சி வீடு ஒரு வளவுக்குள் இருந்தது. தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் நீள வீடு. பகலில் ஐம்பது முறை ஓடித் திரிந்த அதே நடையில், ராத்திரி புறவாசலுக்குப் போக வேண்டுமென்றால் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆச்சி முன்னால் நடக்க வேண்டும். புதிதாக எதுவும் அங்கே இருக்காது. சாத்தி வைத்த அடுக்களைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தால், அது ஒன்றே போதும், நெஞ்சு அடைத்துப் போகும். ‘பி.டி.’யை விளையாடியபோது எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்தை நூறு மணி நேரம் நீட்ட யாராலும் முடியாது. இரண்டரை மணி நேரம் அதைக் கலையாமல் பிடித்து வைத்திருந்ததற்குத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள், தம்பி. என் கணக்கில் அது நட்டம் இல்லை.

“ஸ்டீம் தளத்தில் ஒரே கேமுக்கு ஒருவர் ‘தூக்கமே போய்விட்டது’ என்கிறார், அடுத்தவர் ‘கொட்டாவிதான் வந்தது’ என்கிறார். விளையாடியவர்கள் சொல்வதில் யாரை நம்பிப் பணம் கொடுப்பது?”
— பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம்

அம்மா, இருவரும் உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள். முதலில், கணினிக் கேம்களை விற்கும் அந்தத் தளத்தின் விழுக்காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே கருத்து எழுதுகிறவர் பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். போதிய எண்ணிக்கையில் கருத்துகள் வந்து, பரிந்துரைத்தவர்கள் 95 விழுக்காட்டை எட்டினால் அந்தக் கேமுக்கு மிக உயர்ந்த அடைமொழி கிடைக்கும். பலர் இதைத் தேர்வுத்தாள் மதிப்பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் விடைத்தாள் திருத்துகிறவர் என்பதால் வேறுபாடு உடனே புரியும். ஒரு வகுப்பில் நூற்றுக்கு 95 பேர் தேறினார்கள் என்பது வேறு, ஒரு மாணவர் 95 வாங்கினார் என்பது வேறு. ‘பரவாயில்லை, ஒருமுறை விளையாடலாம்’ என்று நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் நினைத்தாலும் அந்த எண் வந்துவிடும். ஆகவே எண்ணை விட்டுவிட்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

வாக்கியங்களிலும், அந்த மனிதர் எப்படி விளையாடினார் என்பதை நான் முதலில் தேடுவேன். பகலில், நண்பர்கள் சூழ, கைப்பேசியில் வந்த செய்திக்குப் பதில் அனுப்பிக்கொண்டே விளையாடியவருக்கு எந்தத் திகில் கேமும் கொட்டாவியைத்தான் தரும். அடுத்து, எந்த இடம் பிடித்தது, எந்த இடம் பிடிக்கவில்லை என்று அவர் குறிப்பிட்டுச் சொல்கிறாரா என்று பார்ப்பேன். ‘மவுத்வாஷிங்’கின் பிற்பகுதியில் ஓர் உருவத்துக்குச் சத்தம் கேட்காமல் ஒளிந்து தப்ப வேண்டிய பகுதி ஒன்று வருகிறது. கேமை மிகவும் ரசித்தவர்களிலேயே பலர் அந்தப் பகுதியைக் குறை சொல்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். பிடிபட்டால் மீண்டும் முயல வேண்டியிருப்பதால், மேலே தம்பிக்குச் சொன்ன அந்தக் கணக்குப் போடும் மனநிலை வந்துவிடுகிறது. அதுவரை சேர்ந்து வந்த கனம் சற்று நேரம் கலைந்துபோகிறது. இப்படி இடம் சுட்டிக் குறை சொல்கிறவரின் கருத்து, ‘அற்புதம்’ என்று ஒரே சொல்லில் எழுதிய பத்துப் பேரின் கருத்தைவிட எனக்குப் பயன்படுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று இருக்கிறது. விளையாடுகிறவர் தம் வாழ்க்கையைத் தம்மோடு கொண்டுவருகிறார். நான் முதல்முறை இந்தக் கேமை விளையாடியபோது என் தங்கை மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியூரில் பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தவள். விபத்துக்கு முந்தைய ஒரு காட்சியில் ஆன்யா கேப்டனிடம், மருத்துவ அறைக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது, நாங்கள் தூங்கும் அறைகளுக்கு ஏன் பூட்டு இல்லை என்று கேட்பாள். கப்பலின் அமைப்பைப் பற்றிய ஒரு தகவல் என்று எண்ணி நான் அடுத்த வசனத்துக்குப் போகப் பொத்தானில் கை வைத்தேன். அவள் என் கையைத் தடுத்தாள். “மாமா, அவ பூட்டப் பத்தியா கேக்கா? அவ பயந்து கெடக்கா மாமா” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. ஆன்யாவுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேம் கடைசி வரை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்திலேயே என் தங்கை மகளுக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. கேப்டனும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கினார், ஆனால் உள்ளே வாங்கவில்லை. அவர் செய்த பிழையைத்தான் நானும் பொத்தானில் கை வைத்தபோது செய்திருக்கிறேன் என்பது இன்று வரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நாங்கள் இருவரும் அன்று தனித்தனியே கருத்து எழுதியிருந்தால், அது இரண்டு வேறு கேம்களைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே யாரை நம்புவது என்பதைவிட, உங்களைப் போல் ரசிக்கிற ஒருவரைக் கண்டுபிடிப்பதே நல்லது. நீங்கள் ஏற்கெனவே விளையாடி மனத்தில் நின்ற ஒரு கேமின் கருத்துகளைப் படியுங்கள். உங்கள் மனத்தில் பட்டதையே எழுதியிருக்கும் ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார். அவர் வேறு எவற்றையெல்லாம் பரிந்துரைத்திருக்கிறார் என்று பார்த்து வாங்குங்கள்.

“பதினோரு வயது மகன் இந்தக் கேமை வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறான். கார்ட்டூன் போன்ற படங்கள்தானே என்கிறான். வாங்கித் தரலாமா?”
— ஒரு தாய், வள்ளியூர்

வேண்டாம் அம்மா. படங்களின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தற்கொலை, உடற்சிதைவு, பாலியல் வன்முறையின் நிழல் எல்லாம் இந்தக் கதையில் இருக்கின்றன; இது பெரியவர்களுக்கான கேம். காரணத்தை மறைக்காமல் அவனிடம் சொல்லுங்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

“என் நண்பன் குறுகிய கேம்களை வாங்கி, ஒரே மூச்சில் முடித்துவிட்டு, உடனே பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுகிறான். தளமே அனுமதிக்கிறது, இதில் தவறு என்ன என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”
— வாசகர், தென்காசி

தவறு என்றுதான் சொல்கிறேன். வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருவது ஸ்டீம் தளத்தின் விதி. உங்கள் கணினியில் ஓடாத கேம், சொன்னதற்கு மாறாக இருக்கும் கேம் ஆகியவற்றில் ஏமாந்துவிடாமல் இருக்க வந்த நல்ல விதி அது. ஆனால் நாற்பது மணி நேரக் கேமை எடுத்தவருக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் அத்தியாயம். ஒன்றரை மணி நேரக் கேமை எடுத்தவருக்கோ அதுவே முழு நூல்.

2021-இல் நடந்தது இது. ‘சம்மர் ஆஃப் 58’ என்ற குறுகிய திகில் கேமை எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனி ஒருவராக உருவாக்கியவர், ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கேமின் நீளம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு; விளையாடியவர்கள் நல்ல கருத்தே எழுதியிருந்தார்கள்; ஆனால் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் அவ்வளவு பேர் என்பதால், அடுத்த கேமுக்குக் கையில் பணம் இல்லாமல், இந்தத் தொழிலை விட்டே காலவரையின்றி விலகுவதாக அவர் சொன்னார். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்திருந்தால் அவருக்கு ஆறுதல் இருந்திருக்கும். பிடித்திருந்தும் திருப்பிக் கொடுத்ததுதான் எனக்கு மனம் ஆறவில்லை.

கோயில் கொடை விழாவுக்கு வில்லடிக்க வந்தவரை விடிய விடியப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாழி பாடி முடித்து வில்லை அவிழ்க்கும் நேரத்தில், பேசிய பணத்தைத் தர மாட்டோம் என்று சொல்லும் ஊர் நம் பக்கத்தில் உண்டா? உங்கள் நண்பரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு நன்றாக இல்லாவிட்டாலும் பேசிய பணத்தைக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அடுத்த வருடம் வேறு வில்லை அழைப்பார்கள்.

இதனால் இன்னொரு தீங்கும் நேர்கிறது. இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டும் என்ற பயத்தில், கதைக்குத் தேவையில்லாத நடையையும் பூட்டையும் சாவியையும் சேர்த்து இழுத்தடிக்க வேண்டிய நெருக்கடி சிறு படைப்பாளிகளுக்கு வருகிறது. எழுபது நிமிடத்தில் கச்சிதமாக முடிந்திருக்க வேண்டிய கதை, நூற்று முப்பது நிமிடத்தில் சளசளத்துப் போகிறது. அதற்குப் பின் ‘இழுவை’ என்று கருத்து எழுதுகிறவர்களும் நாம்தான்.

“இந்த வகைக் கேம்களில் நடப்பதும் பார்ப்பதும் தவிர நமக்கு வேலை ஒன்றும் இல்லையே. இதைக் கேம் என்று எப்படிச் சொல்வது? படமாகவே எடுத்துவிடலாமே?”
— வாசகர், களக்காடு

இந்த விவாதத்துக்கு வயது பத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2012-இல் ‘டியர் எஸ்தர்’ வெளிவந்தபோது தொடங்கியது. ஆளில்லாத ஒரு தீவில் நடக்கிறோம். ஒருவர் எஸ்தர் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதங்களின் துண்டுகள் காதில் விழுகின்றன. எந்தத் துண்டு எப்போது வரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அடுத்த ஆண்டு ‘கான் ஹோம்’ வந்தது. 1995-ஆம் ஆண்டு, மழை கொட்டும் இரவில், ஆளற்ற தன் வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண், அறை அறையாகச் சென்று குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று தேடுகிறாள். குளியல் தொட்டியில் சிவப்புக் கறையைக் கண்டு பதறுகிறோம். பார்த்தால் அது தலைமுடிச் சாயம். அது திகில் கேமே அல்ல, ஆனால் திகிலின் ஆடையை அணிந்திருந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விளையாடியவர்களில் ஒரு பெருங்கூட்டம் ‘இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு விலையா, இது கேமா’ என்று கொதித்தது. வெறுமனே நடக்க வைக்கும் கேம் என்ற பொருளில் ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்ற பெயரை அன்று வசையாகத்தான் வைத்தார்கள். இப்போது அது ஒரு வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரே ஒரு காட்சி. ‘மவுத்வாஷிங்’கில் கேப்டனுக்கு வலி மாத்திரை கொடுக்க வேண்டும். தாங்க முடியாமல் ஆன்யா ஒதுங்கிக்கொள்ள, அந்த வேலை ஜிம்மியின் கைக்கு, அதாவது நம் கைக்கு வருகிறது. கட்டிலில் கிடப்பவரின் வாயை நாம்தான் திறக்க வேண்டும்; மாத்திரையை நாம்தான் உள்ளே தள்ள வேண்டும். அந்த ஒற்றைக் கண் மூட முடியாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தொண்டையிலிருந்து வரும் சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்கு மனமில்லை. படமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். யாரோ ஒருவர் செய்துவிடுவார். இங்கே நீங்கள் செய்யாவிட்டால் கதை நகராது. நான் பொத்தானை அழுத்தாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேமும் எனக்காகக் காத்திருந்தது. உதவி செய்கிறோமா, துன்புறுத்துகிறோமா என்று தெரியாத ஒரு செயலை நம் விரலால் செய்ய வைத்துவிட்டு, ஜிம்மி எப்படிப்பட்டவன் என்பதைப் பிறகு மெல்ல மெல்லக் காட்டுகிறார்கள். வேலை சிறியது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய வேலைக்கு நம்மைப் பொறுப்பாளி ஆக்கிவிடுகிறார்கள். படம் எடுத்தால் அது போய்விடும்.

“என்னிடம் இருப்பது பழைய கணினி. இந்தக் கேம்கள் ஓடுமா? மேலும், ஏன் இவற்றின் படங்கள் இருபது வருடத்துக்கு முந்தைய கேம்களைப் போல மங்கலாக இருக்கின்றன? ஹெட்போன் கட்டாயமா?”
— வாசகர், திசையன்விளை

பெரும்பாலானவை சாதாரணக் கணினியிலேயே ஓடும். வாங்குவதற்கு முன் கடைப் பக்கத்தின் அடியில் இருக்கும் தேவைகளை உங்கள் கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கலான படம் சிறு குழுக்களுக்குச் செலவைக் குறைக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் தெளிவில்லாத இடத்தை நம் மனம் தானே நிரப்பிக்கொள்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். 2022-இல் டேவிட் சிமான்ஸ்கி உருவாக்கிய ‘அயர்ன் லங்’ ஒரு மணி நேரக் கேம். இரத்தக் கடலில் ஒரு சின்ன நீர்மூழ்கிக்குள் நம்மை அடைத்து இறக்குகிறார்கள். வெளியே பார்க்கக் கண்ணாடி இல்லை. வரைபடத்தையும் எண்களையும் பார்த்துக் கலத்தைச் செலுத்தி, குறித்த இடத்துக்கு வந்ததும் பின்பக்கச் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்தினால், வெளியே இருப்பது ஒரு நிழற்படமாக, புள்ளி புள்ளியாக, அரைகுறையாகத் திரையில் வரும். அவ்வளவுதான் நம் பார்வை. மீதி எல்லாம் காது. இரும்புச் சுவர் நெரியும் சத்தம், எங்கோ அடியில் ஏதோ உரசிப் போகும் சத்தம். இதை ஒலிபெருக்கியில் கேட்டால், தெருவில் போகும் மீன் வண்டியின் ஹாரனோடு கலந்துவிடும். விலை குறைந்தாலும் பரவாயில்லை, ஒரு ஹெட்போன் வாங்கிவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்குச் சேர்க்கும் பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

“முடிவு எனக்கு முழுதாகப் புரியவில்லை. விளக்கம் சொல்லும் வீடியோ பார்க்கலாமா?”
— வாசகி, சங்கரன்கோவில்

பாருங்கள், ஆனால் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். இடையில் இன்னொருமுறை விளையாடிவிட்டால் மிகவும் நல்லது. இரண்டரை மணி நேரம்தானே. முதல்முறை சாதாரணமாகக் கடந்துபோன வசனங்கள் இரண்டாம் முறை வேறு குரலில் கேட்கும்.

“நம் ஊர்க் கதைகளை வைத்து இப்படி ஒரு கேம் வருமா? நானும் என் நண்பர்கள் இருவரும் கணினிப் பொறியியல் படிக்கிறோம். சுடலை மாடன் கதையைத் திகில் கேமாகச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.”
— கல்லூரி மாணவர், கல்லிடைக்குறிச்சி

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், தம்பி. செய்ய முடியும். தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் என்ற சிறு குழு 2017-இல் ‘டிடென்ஷன்’ என்ற கேமைக் கொண்டுவந்தது. 1960-களில், இராணுவச் சட்டம் நடந்த காலத்தில், மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கும் கதை. அதில் ஆவிகள் எதிர்ப்பட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். கிண்ணத்தில் படையல் சோறு வைத்து அவற்றின் கவனத்தைத் திருப்ப வேண்டும். அந்த வழக்கங்கள் அவர்களுடைய ஊரில் உள்ளவை. வெளியூர்க்காரனுக்கு விளங்க வேண்டுமே என்று அவர்கள் எதையும் நீர்த்துப்போகச் செய்யவில்லை. உலகம் முழுவதும் புரிந்துகொண்டது. நம் நாட்டிலும் தனி ஒருவராகத் தொடங்கி, ‘ஃபியர்ஸ் டு ஃபாதம்’ என்ற குறுந்திகில் வரிசையை 2021 முதல் வெளியிட்டுவரும் இளைஞர் இருக்கிறார். உலகெங்கும் அதற்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் அவர் கதைகளின் களம் அமெரிக்கா. நம் தெருவை வைத்துச் செய்யும் வேலை உங்களைப் போன்றவர்களுக்காகக் காத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மனம் விட்டுச் சொல்கிறேன். சுடலையையும் இசக்கியையும் துரத்தி வரும் பேயாக ஆக்கிவிடாதீர்கள். நம் பக்கத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவர்கள் காவல் தெய்வங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திருநீறு பூசிக்கொள்ள ஓடும் இடம். பயம் அங்கே உண்டு, ஆனால் அது மரியாதையிலிருந்து பிரிக்க முடியாத பயம். அந்தக் கலவையைக் கேமுக்குள் கொண்டுவர முடிந்தால், வேறு எந்த நாட்டுக்காரராலும் செய்ய முடியாததை நீங்கள் செய்தவர்கள் ஆவீர்கள்.

எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் இரவைச் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். தாமிரபரணிக் கரையில் ஆச்சியின் ஊரில் கொடை. குடியழைப்பு முடிந்து, மறுநாள் சாமக்கொடை. வில்லுப்பாட்டுக் குழுவின் குடமும் உடுக்கையும் வீட்டுக்குள் வரை கேட்டுக்கொண்டிருந்தன. நள்ளிரவில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் புறப்படும் நேரம் வந்ததும், ஆச்சி தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பட்டாசலில் எரிந்த விளக்கைத் தணித்தாள். பிள்ளைகள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. திடீரென்று கொட்டு நின்றது. அதன் பிறகு சலங்கைச் சத்தம் மட்டும் எங்கள் வாசலைக் கடந்து, தெருக்கோடியில் திரும்பி, தேய்ந்து போயிற்று. கதவு இடுக்கு வழியாகப் பந்தத்தின் வெளிச்சம் சுவரில் ஒரு கோடாக ஓடி மறைந்தது. நான் பார்த்தது அந்த ஒரு கோடுதான். பிறகு எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. நாய்கூடக் குரைக்கவில்லை. ஆச்சியின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கை இறுகியபோதுதான் சலங்கை திரும்பி வருகிறது என்று தெரிந்தது. போனபோது கேட்ட சத்தம் மாதிரி அது இல்லை. வேகம் வேறு, கனம் வேறு.

வெளியே என்ன நடந்தது என்று ஆச்சியிடம் மறுநாள் கேட்டேன். “அத கேக்கப்புடாது” என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக் கொடுத்தாள்.

கேமை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்கும் பொத்தானை விளையாடுகிறவருக்குக் கொடுங்கள்; திறக்கலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். படம் வரைவதற்கு முன்பு, வருகிற கொடைக்கு ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியோடு போய், கோயில் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, எதைப் பதியலாம் எதைப் பதியக் கூடாது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள். முக்கால் மணி நேரம் ஓடினாலே போதும். முதல் வடிவம் தயாரானதும் எழுதுங்கள். பாளையங்கோட்டைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் தூரம் ஒன்றும் இல்லை, ஹெட்போனோடு நானே வருகிறேன்.